ஹாஷ் குறிக்கு ஒரு வாக்கியம்

“என் ஆர்டர் எங்கே?” என்று ஆன்லைன் கடையில் ஒருவர் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியது ஏஐ ஏஜென்ட். அதற்குக் கடை தெரியாது, கிடங்கு தெரியாது, டேட்டாபேஸையும் கண்டதில்லை. சில கருவிகளின் பெயர்கள், ஒவ்வொன்றையும் பற்றி யாரோ எழுதிவைத்த நாலைந்து வரிகள், எந்தெந்த விவரத்தைக் கொடுத்து அழைக்க வேண்டும் என்ற பட்டியல் - அதன் கையில் இருப்பது இவ்வளவுதான். அந்த நாலைந்து வரிகளை ரசித்துப் படிப்பவன் நான். நம் காலத்தின் மிகக் கறாரான உரைநடை அங்கேதான் எழுதப்படுகிறது என்று நினைக்கிறேன்.

இந்தக் கலை புதியது. மாடல்களுக்கு இப்படிக் கருவிகளை அறிமுகம் செய்துவைக்கும் வசதியை ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் தந்தது. 2024 நவம்பரில், கருவிகளை ஏஜென்ட்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான ஆந்த்ரோபிக்கின் எம்.சி.பி. வந்ததும், ஒருவர் எழுதிய கருவியை முன்பின் தெரியாத இன்னொருவரின் ஏஜென்ட் எடுத்தாள வழி பிறந்தது. எழுதியவரைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க முடியாத வாசகர் அது. படித்த கையோடு செயலிலும் இறங்கிவிடும்.

ஏஜென்ட்களைச் சோதிப்பதற்காக சியெரா நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் டௌ-பெஞ்ச் என்ற தேர்வை வெளியிட்டார்கள். அதில் 500 வாடிக்கையாளர்களும் 1,000 ஆர்டர்களும் கொண்ட ஒரு கற்பனைக் கடை இருக்கிறது; நிரலை யாரும் படிக்கலாம். ஆர்டர் பார்க்கும் கருவிக்கு அங்கே எழுதியிருப்பது ஒரே வாக்கியம்: ஆர்டரின் நிலையையும் விவரங்களையும் தரும். சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் அதன் கீழே, ஆர்டர் எண்ணுக்கான குறிப்பைப் பாருங்கள். முதலில் ஒரு மாதிரி எண்: ஹாஷ் குறி, டபிள்யூ, ஏழு இலக்கங்கள். மாதிரியைக் காட்டியதோடு விடவில்லை. எண்ணின் தொடக்கத்தில் ஹாஷ் குறி இருக்கிறது, கவனம் என்று தனியாக ஒரு வாக்கியம் எச்சரிக்கிறது.

அந்த வாக்கியத்தை நான் மனசாரப் பாராட்டுவேன். வாடிக்கையாளர் அவசரத்தில் டபிள்யூவையும் இலக்கங்களையும் மட்டும் அடிப்பார். ஏஜென்ட் அதை அப்படியே கொடுத்தால், ஆர்டர் கிடைக்கவில்லை என்று கருவி கைவிரிக்கும். உடனே ஏஜென்ட் மிகப் பணிவாக, “அப்படி ஒரு ஆர்டரே இல்லையே” என்று காசு கட்டியவரிடம் சொல்லும். ஒற்றைக் குறி தப்பியதால் ஒரு மனிதரின் ஆர்டரே இல்லையென்று ஆகிவிடுகிறது. இது நடக்கும் என்று முன்கூட்டியே உணர்ந்தவரால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும்.

ஹாஷ் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும்படி நிரலையே திருத்திவிடலாமே என்று கேட்டால், அதுதான் முறை. கருவியின் ஓட்டையை அடைப்பது விளக்கத்தின் வேலை இல்லை. ஆனால் திருத்த முடியாத இடங்களும் உண்டு. ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை தளத்தில் வாடிக்கையாளர் கண்ணில் படுவது ஹாஷ் 1001 போன்ற எண். உள்ளே அதே ஆர்டருக்கு நீளமான வேறொரு அடையாள எண். கருவிக்கு எது வேண்டும் என்பதை எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும். பணமும் அப்படியே. பணம் வசூலிக்கும் சேவையான ரேஸர்பே தொகையைப் பைசாவில் தருகிறது; 1,299 ரூபாய் அங்கே 129900. ‘தொகை பைசாவில்’ என்ற இரண்டு சொல் விடுபட்டால், குர்தா வாங்கியவரிடம் ஏஜென்ட் ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் என்று பேசும். நேரத்தை யூ.டி.சி. எனும் சர்வதேசக் கணக்கில் தரும் கருவி அதைச் சொல்லாமல் விட்டால், நம் ஊரில் விடிகாலை மூன்று மணிக்குப் போட்ட ஆர்டர் முந்தின நாள் கணக்கில் போய்விடும்.

ஒரு கருவியை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்வது இதைவிட நுட்பமான வேலை. அதே டௌ-பெஞ்ச்சில், பெயரையும் ஜிப் கோடையும் வைத்து வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று உண்டு. முதலில் மின்னஞ்சலை வைத்துத் தேடு. அதில் கிடைக்காவிட்டாலோ, அவருக்கு மின்னஞ்சல் ஞாபகம் இல்லாவிட்டாலோ மட்டும் இதற்கு வா என்கிறது அதன் விளக்கம். தன்னை இரண்டாம் இடத்தில் வைத்துக்கொள்ளும் கருவி! ஒரே வாக்கியத்தில் பக்கத்துக் கருவியோடு எல்லை பிரித்தாயிற்று.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை மாடலை அழைக்கும்போதும் இந்த விளக்கமும் கூடவே போகிறது, டோக்கன் செலவாகிறது. நீட்டி முழக்க இடமில்லை. நூலின் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூல் முதலில் வைக்கிறது. ஆனாலும் இந்தக் கலையில் அவற்றுள் முன்னதே, அதாவது குறைத்துச் சொல்வதே, பெருங்குற்றம் என்பது என் கட்சி. ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்களாவது வேண்டும் என்று ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியும் சொல்கிறது. டௌ-பெஞ்ச்சின் ஆர்டர் பார்க்கும் கருவிக்கு அந்த வாக்கியங்களை எதில் செலவழிக்கலாம்? ஆர்டரின் நிலைகளில்தான். அங்கே ‘ப்ராசஸ்டு’ என்று ஒரு நிலை இருக்கிறது. பார்சல் கட்டியாகிவிட்டதா, வண்டியேறிவிட்டதா? அந்தச் சொல்லை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்து, பிழைச் செய்தி. எண் தவறு, எண் சரி ஆனால் ஆர்டர் வேறொருவருடையது, சர்வர் படுத்துவிட்டது - இந்த மூன்றுக்கும் ‘கிடைக்கவில்லை’ என்ற ஒரே பதில் வந்தால் ஏஜென்ட் என்ன செய்யும்? முதலாவதற்கு எண்ணைத் திரும்பக் கேட்க வேண்டும், இரண்டாவதற்கு வாய் திறக்கக் கூடாது, மூன்றாவதற்குச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும்.

கருவியால் ஆகாததைச் சொல்லும் வாக்கியத்தைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். உதாரணமாக: ‘டிராக்கிங் எண்ணைத் தரும், பார்சல் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் டெலிவரி தேதியையும் தராது.’ இது இல்லையென்றால், அனுப்பிய நாளை வைத்து மாடல் தானாக ஒரு கணக்குப் போட்டு, “நாளை மறுநாள் வந்துவிடும்” என்று சொல்லக்கூடும். அதை நம்பி ஒருவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த வாக்கியம் இருந்தால், ஏஜென்ட் டிராக்கிங் எண்ணைக் கொடுத்துக் கூரியரின் தளத்தில் பார்க்கச் சொல்லும். கூரியர் நிலவரம் சொல்ல வேறு கருவி இருந்தால் அதைத் தேடிப் போகும்.