கடலைப் பார்க்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

பினாங்குக்காரர்களிடம் 'பாடாங் கோத்தா' என்று சொன்னால் முதலில் பசெம்போர் ஞாபகம் வரும், பிறகுதான் கடல். எனக்கும் அப்படித்தான். சின்ன வயதில் தட்டைக் காலி செய்துவிட்டுக் கடற்சுவரில் ஏறி உட்காருவேன். அம்மா பின்னால் நின்று சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார். எதிரே இருட்டு. அதற்குள் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள். ஏதாவது ஒன்றைக் காட்டி, "அதோ, தாத்தா வந்த கப்பல்" என்பார். தாத்தா வந்தது ரஜூலாவில். நான் பிறப்பதற்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட்ட கப்பல் அது. அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் காட்டுவார்.

அந்தச் சுவரும் நடைபாதையும் இப்போது புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. மாநில அரசு, திங்க் சிட்டி, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து முன்னெடுத்த வடக்குக் கடல்முகப்புத் திட்டத்தின் ஒரு பகுதி இது. 1920களில் மூடப்பட்ட கார்ன்வாலிஸ் கோட்டை அகழியைத் தோண்டி மீட்டதும் இதே திட்டம்தான். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகு இங்கே நடந்த நல்ல காரியங்களில் இதைச் சேர்ப்பேன். உட்கார இடம் இருக்கிறது. காசு கொடுக்காமல் ஒரு மாலையைக் கழிக்க முடிகிறது. வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் ஊருக்கு வீடியோ கால் பேசுகிறார், பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா தூண்டில் போடுகிறார். ஒரு பொது இடத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

நான் பேச வந்தது விளக்குகளைப் பற்றி. நாம் கட்டடங்களை விமர்சிக்கிறோம், சிலைகளைப் பற்றிச் சண்டை போடுகிறோம். ஆனால் ஒரு பொது இடத்தின் வெளிச்சத்தை யாரும் வாசிப்பதில்லை. இரவில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை முடிவுசெய்வது அதுதான்.

கடலோர விளக்குகளுக்கு ஒரு வினோதம் உண்டு. வெளிச்சம் கூடக்கூடக் கடல் காணாமல் போகும். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். மூடியில்லாத ஒரு பல்பு நேராகக் கண்ணில் பட்டால் பழகியதெல்லாம் நொடியில் போய்விடும். பிறகு சுவருக்கு அப்பால் இருப்பது கடல் அல்ல, கறுப்புத் திரை. அதனால்தான் இதுபோன்ற இடங்களில் விளக்கு தாழ்வாக, தரையைப் பார்த்தபடி, மேலே மூடியோடு இருக்க வேண்டும் என்கிறார்கள். நிறமும் முக்கியம். 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த வெளிச்சம் கண்ணுக்கு இதம். 6,000 கெல்வினைத் தாண்டிய நீலவெள்ளை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைக்கும்.

பாதிக்கப்படுவது நாம் மட்டுமல்ல. திடலோரத்துத் தூங்குமூஞ்சி மரம் மாலையானால் இலையை மடக்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் அதற்கு 'புக்குல் லீமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஐந்து மணி. இரண்டு மொழிகள் உறக்கத்தை வைத்தே அடையாளம் கண்ட மரம் அது. அப்படிப்பட்ட மரத்தின் அடியில் விளக்கைப் புதைத்து மேல்நோக்கி அடித்து 'அழகுபடுத்துவது' உலகெங்கும் வழக்கம். சென்னையில் பொரித்து வெளிவரும் பங்குனி ஆமைக்குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியைத் தேடிப் போக வேண்டியவை, சாலை விளக்கைப் பார்த்து ஊர்ந்து சாகின்றன. எழுபதுகளிலிருந்தே அங்கே தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "இருட்டா இருந்தா நான் வரவே மாட்டேன். உனக்கென்ன, ஆம்பள" என்றார்.

அந்தப் பதிலை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இருட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இருட்டில் தனியாக நடக்கத் தயங்காதவர்கள். என் வாதத்தில் இருந்த ஓட்டை அது. அதற்காக வாதத்தையே விட்டுவிடவும் மனமில்லை. பயத்தைப் போக்குவது வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல, அது பரவும் விதமும்தான். ஒரு கம்பத்தில் கண் கூசும் விளக்கு, அடுத்த கம்பம் வரை கும்மிருட்டு என்றால் ஒளிந்துகொள்ள அதுதான் சரியான இடம். எதிரே வருபவரின் முகம் தெரியும் அளவுக்கு, விட்டுவிட்டு எரியாத சீரான மிதவெளிச்சம் அம்மாவையும் வரவழைக்கும், கடலையும் விட்டுவைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சோம்பேறி வடிவமைப்பு.

அடுத்த கேள்வி, எதன்மேல் வெளிச்சம் விழுகிறது? 1903இல் கட்டிய நகர மண்டபம் இரவில் வெள்ளையாய் ஜொலிக்கிறது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம் என்று கோட்டையைக் காட்டுகிறோம். அதைச் செங்கல்லில் எடுத்துக் கட்டியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருந்தது. கொஞ்சம் தள்ளி, தெருக்கள் கடலைத் தொடும் இடங்களுக்கு இன்றும் 'காட்' என்றுதான் பெயர்: காட் லெபோ சூலியா, காட் லெபோ கெரெஜா. படித்துறை என்ற பொருளில் இந்தியாவிலிருந்து வந்த சொல். படித்துறை போய்விட்டது, பெயர் நிற்கிறது. சுவரில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் குனோங் ஜெராய் தெரியும். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். பழங்கால மாலுமிகள் அந்த மலையைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். அதற்கு விளக்குப் போட யாராலும் முடியாது. நம் பக்கத்து விளக்கைத் தாழ்த்தினால், நிலா வெளிச்சத்தில் அதுவே தெரியும்.

இப்போது பார்வை கர்னி கடற்கரைப் பக்கம் திரும்பியிருக்கிறது. கடலைத் தூர்த்து உருவாக்கிய சுமார் 24 ஹெக்டேரில் கர்னி பே பூங்கா. பின்னால் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் ஏற்கெனவே பகல்போல எரிகின்றன. அங்கே இனி கூடுதல் விளக்கு தேவையில்லை, விளக்கிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி உட்கார இடம்தான் தேவை. மரங்கள் வளர்ந்தால் அது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் அம்மாவோடு பாடாங் கோத்தா போனேன். முழங்கால் வலி, சுவரில் ஏறவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரோ ஒரு வியாபாரி வைத்திருந்த வெள்ளை ஃப்ளட்லைட் நேராக முகத்தில் அடித்தது. வெயிலுக்கு மறைப்பதுபோல நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோ" என்றார்.

நானும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டேன்.