நாணற்கோலும் நாணற்குழலும்

அரபு எழுத்தணிக் கலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஓர் உவமையிலிருந்தே தொடங்குகின்றனர். எழுத்தணி கண்ணுக்குரிய இசை என்பதே அது. பொருட்காட்சிக் கையேடுகளிலும் ஓவிய நூல்களின் முன்னுரைகளிலும் இவ்வுவமை ஓயாமல் வருகிறது. கேட்பதற்கு இனிமையான கூற்றுதான். ஆயினும் அது எவ்வளவு தூரம் மெய் என்பதைச் சொல்வோர் நின்று ஆராய்வதில்லை. இரு கலைகளில் ஒன்றை மட்டும் அறிந்தவர் சொல்லும்போது அது வெறும் புகழ்ச்சியாகவே நின்றுவிடுகிறது. இரண்டையும் முறையாகக் கற்று, இரண்டிலும் முன்வரிசையில் நின்றவர்களிடம்தான் அதனை உரைத்துப் பார்க்க இயலும்.

இஸ்லாமிய நாகரிகத்தில் அத்தகையோர் அரியர் அல்லர். பாரசீக இசை மேதை அப்துல் காதிர் மராகீ (மறைவு 1435) எழுத்தணியிலும் பெயர் பெற்றவர். உஸ்மானியத் தலைநகரில் வாழ்ந்த பாடலாசிரியர் ஹாஃபிஸ் போஸ்ட் (மறைவு 1694) எழுத்தணிக் கலைஞருமாவார். துருக்கியப் பள்ளிவாசல்களில் இன்றும் பெருநாள் தினங்களில் முழங்கும் தக்பீரின் இசையமைப்பு யாருடையதெனச் சொல்லப்படுகிறதோ, அந்த இத்ரீ தஃலீக் எழுத்தில் தேர்ச்சி பெற்றவர். இவ்வரிசையில் ஆறு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: பக்தாதின் ஸஃபியுத்தீன் அல்உர்மவீ, இஸ்தன்பூலின் காழி அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபந்தி.

ஸஃபியுத்தீன் ஏறத்தாழ 1216ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே பக்தாதுக்கு வந்து, முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ சட்டமும் அரபு இலக்கியமும் பயின்றார். அப்பாஸியரின் கடைசிக் கலீஃபாவான அல்முஸ்தஃஸிம் அவரைத் தம் நூலகத்தில் படியெழுதுவோராக அமர்த்தியது அவருடைய கையெழுத்தின் அழகுக்காகவே. அவர் வீணைக்கு நிகரான ஊது என்னும் நரம்புக் கருவியில் வல்லவர் என்பது அரண்மனைக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அவரிடம் பயின்ற பாடகி ஒருத்தி கலீஃபாவின் முன்னிலையில் பாட, அந்தப் பாடல் யாரிடம் கற்றது என்ற வினா எழ, உண்மை வெளிப்பட்டதாக வரலாறுகள் கூறுகின்றன. எழுத்தால் உள்ளே நுழைந்தவர் இசையால் கலீஃபாவின் அவையில் இடம் பெற்றார். எழுத்தணியின் பேராசான்களுள் ஒருவரான யாகூத் அல்முஸ்தஃஸிமீ (மறைவு 1298) அவரிடம் எழுத்துப் பயின்றவர் என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன.

அவருடைய ‘கிதாபுல் அத்வார்’ என்னும் இசையிலக்கண நூலின் மிகப் பழைய படி 1236ஐச் சேர்ந்தது. அப்படியாயின் இருபது வயதளவிலேயே அவர் அதனை இயற்றியிருக்கவேண்டும். ஒரு ஸ்தாயியை 17 சிற்றிடைவெளிகளாகப் பகுத்து, அவற்றிலிருந்து 12 முதன்மைப் பண்களைக் கணக்கிட்டுக் காட்டிய அந்நூல், பின்வந்த அரபு, பாரசீக, துருக்கிய இசையிலக்கணங்கள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று. நம் ஆய்வுக்கு வேண்டியது அதன் கணக்கு அன்று, அதன் தோற்றம். ‘அத்வார்’ என்றால் வட்டங்கள். ஒவ்வொரு பண்ணும் ஒரு வட்டமாக வரையப்பட்டிருக்கிறது. சுற்றளவில் சுரங்கள் நிற்கின்றன. இயைந்து ஒலிக்கும் சுரங்களைக் கோடுகள் இணைக்கின்றன. தாளங்களும் வட்டங்களே. சுரங்களின் பெயர்களோ அலிஃப், பே, ஜீம், தால் என்னும் அப்ஜத் எழுத்துகள். சுரத்திற்கு எழுத்தும் அதன் நீட்டத்திற்கு எண்ணுமாக மெட்டுகளையே அவர் தாளில் எழுதிக்காட்டினார்.

எழுத்தையும் ஒலியையும் ஒரே கையால் கையாண்ட ஒருவருக்கே இம்முறை இயல்பாகத் தோன்றியிருக்கும் என்று சொல்ல ஆசை எழுகிறது. ஆனால் இங்கே அவசரம் ஆகாது. சுரங்களுக்கு எழுத்திடும் வழக்கம் அவருக்கு முன்பே உண்டு. யாப்பை வட்டங்களில் அடக்கிக் காட்டியவர் எட்டாம் நூற்றாண்டின் கலீல் இப்னு அஹ்மத். எழுத்தின் உருவங்களை ஒரு புள்ளியின் அளவாலும், அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தாலும் நெறிப்படுத்தியவர் இப்னு முக்லா (மறைவு 940). இஃக்வானுஸ் ஸஃபா என்னும் பத்தாம் நூற்றாண்டின் சிந்தனைக் குழுவினர் இசையைப் பற்றிய தம் நிருபத்திலேயே எழுத்துகளின் விகிதத்தையும் பேசினர். ஆகவே ஸஃபியுத்தீன் புதிதாக ஓர் உறவைக் கற்பிக்கவில்லை. ஒலி, செய்யுள், எழுத்து மூன்றும் விகிதம் என்னும் ஒரே அறிவின் கிளைகள் என்ற கொள்கை அவருக்கு முன்னரே இருந்தது. அதனை ஒரு வாழ்க்கையில் நடத்திக்காட்டியதே அவர் சிறப்பு. கண்ணுக்குரிய இசை என்னும் உவமை முதன்முதலில் கணக்கின் மொழியில் பேசப்பட்ட ஒன்று. உணர்ச்சிப் பெருக்காகப் பிறந்ததன்று. இதனை இன்றைய முன்னுரையாளர்கள் மறந்துவிட்டனர்.

1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது கலீஃபாவும் நூலகமும் மறைந்தனர், ஸஃபியுத்தீன் பிழைத்தார். அவருடைய வாசிப்பில் மயங்கிய ஹுலாகூ, அவருடைய ஊதியத்தை இருமடங்காக்கினான் என்பர். பின்னர் ஜுவைனீ குடும்பத்தார் அவரை ஆதரித்தனர். ‘அர்ரிஸாலத்துஷ் ஷரஃபிய்யா’ என்னும் அவருடைய இரண்டாம் நூல் அக்குடும்பத்து மாணவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்குடும்பம் வீழ்ந்ததும் அவருடைய ஆதரவும் முடிந்தது. 300 தீனார் கடனுக்காகச் சிறைப்பட்டு, 1294இல் அங்கேயே மறைந்தார். இரு கலைகளும் அவருக்கு இரு வாயில்களைத் திறந்தன. ஆனால் இரண்டு வாயில்களுக்கும் காவலர் புரவலரே. இக்கலைகளின் பொற்காலத்தைப் பாடுவோர் இக்கடனையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நேர்மை.

இனி இஸ்தன்பூலுக்கு வருவோம். முஸ்தஃபா இஸ்ஸத் எஃபந்தி 1801இல் அனத்தோலியாவின் தோஸ்யா என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் கல்விக்காகத் தலைநகர் வந்த அவருடைய குரலைக் கேட்ட சுல்தான் இரண்டாம் மஹ்மூத், அவரை அரண்மனைக் கல்விக்குச் சேர்த்தார். பாட்டோடு நேய் என்னும் நாணற்குழலும், நாணற்கோலால் எழுதும் எழுத்தணியும் ஒருங்கே அவருக்குக் கைவந்தன. இடையில் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியவர் அரண்மனையை விட்டு விலகி எளிய வாழ்வை மேற்கொண்டார். பின்பு ஒரு ரமளானில் பள்ளிவாசலில் எழுந்த அவர் குரலைக் கொண்டே சுல்தான் அவரை அடையாளம் கண்டு, முதலில் சினந்து, பிறகு மன்னித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவர் சுல்தான் அப்துல் மஜீதின் இமாம்களுள் ஒருவராகவும், சமய நீதித்துறையின் உச்சப் பதவிகளுள் ஒன்றாகிய காழி அஸ்கராகவும் உயர்ந்தார். 1876இல் மறைந்தார்.

அவருடைய பெயரை உலகறியச் செய்தவை அயா ஸோஃபியாவின் எட்டு வட்டப் பலகைகள். ஃபொஸ்ஸாத்தி சகோதரர்கள் 1847 முதல் 1849 வரை அக்கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவர் எழுதியவை அவை. அல்லாஹ்வின் திருப்பெயர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயர், நான்கு கலீஃபாக்கள், ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரின் பெயர்கள் பச்சை நிறத் தளத்தில் பொன்னெழுத்துகளாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 7.5 மீட்டர். 1934இல் அக்கட்டடத்தை அருங்காட்சியகமாக்க முடிவெடுத்து அவற்றை இறக்கியபோது, எந்த வாயில் வழியாகவும் அவற்றை வெளியே கொண்டுபோக இயலவில்லை. உள்ளேயே கிடந்து, 1949இல் மீண்டும் மேலேறின. 2020 ஜூலையில் அக்கட்டடம் மறுபடி பள்ளிவாசலானபோதும் அவை அங்கேயே இருந்தன.

இப்பலகைகளே அவருடைய தலைசிறந்த படைப்பு என்பது பொதுக் கருத்து. நாம் அதனை ஏற்பதற்கில்லை. பெரிய எழுத்துக்குரிய இலக்கணத்தை முஸ்தஃபா ராகிம் (மறைவு 1826) ஒருமுறை வகுத்துவிட்டபின், அதன் அருகே இப்பலகைகளை வைத்துப் பார்த்தால், எழுத்துகளின் உடலில் கனம் மிகுந்தும் மூட்டுகளில் நெகிழ்வு குறைந்தும் தோன்றுகின்றன. ஒவ்வொரு பெயரும் தன்னளவில் நிறைவுடையதே. ஆயினும் தூண்களும் மேடைகளும் மெல்ல மேலேறிக் குவிமாடத்தில் கரையும் அந்தக் கட்டடத்தில், எட்டுப் பேர் ஒரே சமயத்தில் உரத்த குரலில் பேசுவதுபோல் அவை ஒலிக்கின்றன. அதே கட்டடத்தின் குவிமாட உச்சியில் அவர் எழுதிய அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அப்படியன்று. அங்கே எழுத்துத் தண்டுகள் மையத்தை நோக்கி எழும்பிச் சுழல்கின்றன. தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று தொடுகின்றன. தாளத்தின் ஆவர்த்தனம் என்று இசையறிந்தோர் சொல்வது இதுவே.

அவருடைய உண்மையான மேன்மையைக் காண விரும்புவோர் சிறிய தாள்களை நாடவேண்டும். அவர் எழுதிய திருக்குர்ஆன் படிகளும், ஹில்யாக்களும் அத்தகையவை. ஹில்யா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவையும் பண்பையும் சொற்களால் வரையும் பலகை. அதன் அமைப்பை நிலைநிறுத்தியவர் ஹாஃபிஸ் உஸ்மான் (மறைவு 1698). நடுவில் ஒரு வட்டத்தில் நஸ்க் எழுத்தின் நெருங்கிய வரிகள். மேலும் கீழும் துலுது எழுத்தின் நீண்ட வீச்சுகள். முஸ்தஃபா இஸ்ஸத்தின் ஹில்யாவில் இவ்விரண்டுக்கும் இடையே விடப்படும் வெற்றிடமே நம் கண்ணை நிறுத்துகிறது. எங்கே எழுதாமல் விடவேண்டும் என்பதை அறிந்த கை அது. குழலூதுவோர்க்கு மூச்சை எங்கே எடுப்பது என்பது பாடத்தின் பாதி. அந்தப் பாடமே இந்தத் தாளிலும் இருக்கிறது என்று உறுதிகூற இயலாது. ஆனால் இரண்டையும் அறிந்தவருடைய தாளில் அதனைத் தேடுவது வீண் கற்பனையும் ஆகாது.

இதைவிட உறுதியான சான்று ஒன்றுண்டு. அது ‘மஷ்க்’ என்னும் சொல். உஸ்மானியர் எழுத்துப் பயிற்சிக்கும் இசைப் பயிற்சிக்கும் இந்த ஒரே சொல்லையே வழங்கினர். எழுத்தில் ஆசான் ஒரு வரி எழுதித் தர, மாணவர் அதனைப் பன்முறை எழுதிக்கொண்டு வந்து திருத்தம் பெறுவார். இசையில் ஆசான் ஓர் அடி பாட, மாணவர் முழங்காலில் தாளமிட்டு அதனை மனத்தில் பதியும்வரை திரும்பப் பாடுவார். இரண்டும் கரத்துக்கும் நாவுக்கும் மட்டுமின்றி ஒழுக்கத்துக்கும் பயிற்சி. மாணவர் தம் ‘நான்’ என்பதை நெடுங்காலம் ஒதுக்கிவைத்த பிறகே தமக்கென ஒரு நடை பிறக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான ஒப்புமையை விளைபொருளில் தேடுவதைவிட, கற்கும் முறையில் தேடுவதே பொருந்தும். உவமை மெய்யாவது அங்கேதான்.

அதே இடத்தில்தான் அது முறிந்தும் போகிறது. எழுத்தில் மஷ்க் தாளை விட்டுச்செல்கிறது. இசையில் மனிதரை மட்டுமே விட்டுச்செல்கிறது. முஸ்தஃபா இஸ்ஸத்தின் எழுத்து மாணவர் அப்துல்லாஹ் ஸுஹ்தீ (மறைவு 1879) மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் எழுதினார், இன்றும் படிக்கிறோம். ஆசானின் பாடல்களிலோ சிலவே நமக்கு எஞ்சியிருக்கின்றன. குறிப்பெழுத்தை நாடாத ஒரு மரபில், மனனம் செய்தவர் மறையும்போது பாடலும் மறைகிறது. காட்சிக்கூடம் எழுத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டி, ‘எழுத்தணிக் கலைஞர்’ என்று பெயரிடுகிறது. அப்பெயரில் பொய்யில்லை; ஆனால் அது பாதிப் பெயர்.

பாதியாக்கியது காலம் மட்டுமன்று; நாமும்தான். இசைக்கருவிகள் குறித்துச் சட்ட அறிஞரிடையே பழமையான கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா’வில் ஸமாவுக்கெனத் தனிப் பகுதி வகுத்து, ஆகும் நிலையையும் ஆகாத நிலையையும் பிரித்துரைத்தார். இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் ஸமாவைக் கடுமையாக மறுத்தனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இலக்கியத் திறனாய்வின் வேலையன்று. ஆனால் ஒரு தீர்ப்பில் உறுதியாக நிற்பது வேறு. அதற்கேற்ப வரலாற்றைத் திருத்தி எழுதுவது வேறு. ஷரீஅத் நீதியின் உயர்பதவியில் இருந்த ஒருவர் குழலும் ஊதினார் என்பது ஏற்கத்தக்கதா என்று வாதிடலாம். நடக்கவில்லை என்று சொல்ல இயலாது. அவருடைய எழுத்தை வீட்டில் மாட்டிக்கொண்டு அவருடைய குரலை மறைப்பது அவருக்கும் அநீதி. எழுத்தைப் புரிந்துகொள்ளும் நம் ஆற்றலுக்கும் இழப்பு.

இந்த இழப்பு தமிழ் முஸ்லிம்களுக்கு அயலானதன்று. அரபுத்தமிழில் எழுதப்பட்டும் கல்லச்சில் வந்தும் நமக்குக் கிடைத்த நூல்கள் சொற்களைக் காத்தன. அவற்றுள் பாடுதற்குரியவை எந்த மெட்டில் பாடப்பட்டன என்பதைக் காக்கவில்லை. சுப்ஹான மௌலிதை ஊருக்கு ஊர் வேறுபடும் இராகங்களில் ஓதும் முதியோர், தாம் அறியாமலே ஒரு மஷ்க் மரபைச் சுமந்து நிற்கின்றனர். ஏட்டைப் பதிப்பிக்கத் துணியும் நாம் அக்குரல்களைப் பதிவுசெய்யத் தயங்குகிறோம். பதிப்பாசிரியர்கள் இனி ஏடு ஒன்றைத் தேடிச் செல்லும்போது, அதனைப் பாடத் தெரிந்தவர் அவ்வூரில் எவரேனும் இருக்கின்றாரா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.