எந்த எலக்ட்ரான் எடுத்த படம்?

எலக்ட்ரான் நுண்ணோக்கி என்றதும் "அதெல்லாம் பிஎச்.டி. பண்றவங்க சமாச்சாரம்" என்று ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கோவை பவுண்டரியில் வார்த்த ஒரு பம்பு பாகம் ஏன் உடைந்தது, தப்பு வார்த்தவர் மேலா ஓட்டியவர் மேலா என்ற வழக்கையே தீர்த்துவைக்கிற கருவி அது.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் பிரிந்து தெரியாது. எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது; அதனால் அதற்கும் கீழே பார்க்கலாம். இந்தக் கருவியை 1931இல் பெர்லினில் ருஸ்காவும் க்னோலும் தொடங்கிவைத்தார்கள். ருஸ்காவுக்கு நோபல் கிடைத்தது 1986இல். மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் வகையான 'செம்' (SEM) 1965இல் கேம்பிரிட்ஜிலிருந்து விற்பனைக்கு வந்தது. போதும்.

இனிமேல்தான் விஷயமே. செம் படம் கைக்கு வந்ததும் எல்லோரும் "எத்தனை மடங்கு?" என்று கேட்கிறார்கள். செல்போனில் விரித்துப் பார்த்தாலே அந்த எண் பொய்யாகிவிடும்; ஓரத்தில் இருக்கும் அளவுகோட்டைப் பாருங்கள். பிறகு, இதை எடுத்தது எந்த எலக்ட்ரான் என்று கேளுங்கள். கற்றை மோதியதும் பொருளிலிருந்தே தெறிக்கும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் மேலே சில நானோமீட்டர் ஆழத்திலிருந்து மட்டும் வருகின்றன. அவை காட்டுவது வடிவம்: மேடு, பள்ளம், விளிம்பு. பின்சிதறும் எலக்ட்ரான்கள், அதாவது மோதித் திரும்பும் கற்றை எலக்ட்ரான்கள், இன்னும் ஆழத்திலிருந்து திரும்புகின்றன. அணு எண் கூடக்கூட அந்த இடம் வெளுக்கும். அவை காட்டுவது பொருள்.

உடைந்த எஸ்.ஜி. இரும்பையே (உருண்டைக் கிராஃபைட் கொண்ட வார்ப்பிரும்பு) எடுத்துக்கொள்வோம். முதல் வகைப் படத்தில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் உருண்டையாகக் கிராஃபைட். குழியின் சுவர் இழுபட்டிருந்தால் இரும்பு நீண்டு கொடுத்துத்தான் அறுந்திருக்கிறது. தட்டைத் தட்டையாகப் பளபளத்தால் சட்டென்று பிளந்தது. நெருக்கமான இணைகோடுகள் தெரிந்தால் நாள்பட்ட களைப்பு முறிவு. ஆனால் நடுவில் ஒரு கட்டி கிடந்தால், அது இரும்பா, வார்ப்பு அச்சிலிருந்து பெயர்ந்த மணலா? முதல் படம் சொல்லாது. எல்லாம் ஒரே மலைச்சரிவு மாதிரி இருக்கும். அதே இடத்தைப் பின்சிதறலில் பாருங்கள். மணல் சட்டென்று கறுத்துவிடும். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

இதை விட்டுவிட்டுக் காலண்டருக்கு ரோஜா நிற மகரந்தம், ரத்தச் சிவப்பு வைரஸ் என்று அச்சடிக்கிறார்கள். எலக்ட்ரானுக்கு ஏது நிறம்? யாரோ கணினியில் தீட்டியது. சாம்பல் நிறத்தின் நுட்பத்தை அழித்துவிட்டு அழகு என்கிறார்கள்.

இன்னொரு ஃபேஷனும் உண்டு. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக, எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்து, வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். உடனே "முன்னோருக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும்" என்று கிளம்பிவிட்டார்கள். அந்தக் குயவருக்குத் தெரிந்தது தன் சூளையும் பூச்சும்தான். அந்தப் பூச்சு இத்தனை நூற்றாண்டு உதிராமல் நின்றதே, அதைக் கொண்டாட நானோ என்ற பட்டம் எதற்கு?

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பல்கலைக்கழகங்களின் கருவி மையங்கள் பலவற்றில் கட்டணம் கட்டினால் வெளியார் சாம்பிளையும் பார்த்துத் தருவார்கள். உடைந்த பரப்பைத் துடைக்காதீர்கள், விரல் வைக்காதீர்கள். இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். உரசினால் அந்த நுண்கோடுகள் போய்விடும். காய்ந்த டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரே இடத்தை இரண்டு வகையிலும் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் அந்த அழகான முதல் படம்தான் கிடைக்கும்.