ஓடு கட்டுவது இரவில்

கத்திரி வெயிலில் பழங்காநத்தம் கடைகளில் கீறல் முட்டைக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் இரண்டு முட்டைகளை லேசாக ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுப்பார். சத்தம் மழுங்கினால் அது பரோட்டாக் கடைக்கு. இதற்கு மருந்தென்று இன்று எல்லோரும் புகழ்வது கீலேட் செய்த, அதாவது கரிமப் பொருளோடு பிணைத்த, துத்தநாகமும் மாங்கனீசும். நாமக்கல் லேயர் பண்ணை முதல் இங்கே மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பவர் வரை "மினரல் போட்டால் ஓடு இறுகும்" என்கிறார்கள்.

பொய்யில்லை. ஓட்டுக்குக் கார்பனேட் சேர்த்துக் கொடுக்கும் நொதி துத்தநாகம் இல்லாமல் இயங்காது. ஓட்டின் புரதப் பின்னலுக்கு மாங்கனீசும், உள்சவ்வுக்குச் செம்பும் வேண்டும். தீவனத்தில் இவை குறைந்திருந்தால் சேர்த்ததும் பலன் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் மட்டும் சுமார் 2 கிராம். காலையில் முட்டையிட்ட கோழிக்கு அடுத்த முட்டையின் ஓடு கருப்பையில் கட்டி முடிய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். பெரும்பகுதி படிவது இரவில். அப்போது விளக்கு அணைந்திருக்கும், கோழி தின்னாது. நாம் செய்வதென்ன? மாவாய் அரைத்த சுண்ணாம்புக்கல்லைக் காலைத் தீவனத்தில் கலக்கிறோம். அது சீக்கிரம் கரைந்து குடலைக் கடந்துவிடுகிறது. மிஞ்சியது எச்சத்தில் போகிறது. நடுராத்திரியில் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டுகிறது. எலும்போடு பாஸ்பரஸும் கரைந்து இரத்தத்தில் ஏறும். ஏறினால் ஓடு மெலியும். இந்த நிலையில் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) அள்ளிப் போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். மாதக்கணக்கில் இப்படிப் போனால் கூண்டுக்குள் கோழி கால் ஊன்றி நிற்க முடியாமல் படுத்துவிடும்.

2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சுண்ணாம்புக்கல் கிரிட்டோ கிளிஞ்சலோ அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சுண்ணாம்புக்கல்லில் பாதிக்குமேல் இப்படிக் கல்லாக, அதுவும் சாயங்காலத் தீவனத்தில் போட்டால் போதும். செலவு சொற்பம். இன்னொன்று, வெயிலில் வாய் பிளந்து மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை இழக்கிறது. அதனால் ஓட்டுக்கான பைகார்பனேட் குறைகிறது. அந்தக் குறையையும் எந்தக் கீலேட்டும் நிரப்பாது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் உதவும்.

டப்பாவில் மில்லிகிராம் கணக்கைப் பளபளவென்று அச்சடிக்கிறவர்கள், தீவன மூட்டையில் தூள் எவ்வளவு, கல் எவ்வளவு என்றும் அச்சடிக்கட்டும். அதைக் கேட்காமல் துத்தநாகத்துக்குக் காசு கொடுக்கும் பண்ணைக்காரர் ஏமாற்றப்படுகிறார் என்றே சொல்வேன்.