கோடரி விழுவதற்கு முன்

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. "இதெல்லாம் நடந்ததா, நீர் கட்டிவிட்டதா?" என்று கேட்பார்கள். இரண்டும்தான் என்று சொல்லித் தப்பித்து வந்தவன் நான். 2010-ல் லண்டன் நேஷனல் காலரியில் பால் டெலரோஷின் சரித்திர ஓவியக் கண்காட்சியைப் பார்த்தபோது, அந்தக் கேள்வி என்னை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

டெலரோஷ் 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர். கொலையைவிடக் கொலைக்கு முந்திய நிமிஷத்தில்தான் அவருக்கு மோகம். லண்டன் கோபுரத்தில் அடைபட்ட இரு இளவரசர்களைத் தீட்டினார், கொலைகாரனைக் காட்டவில்லை. கட்டிலில் ஒடுங்கிய சிறுவர்கள், கதவையே பார்க்கும் நாய், கதவடியில் ஒரு வெளிச்சக் கீற்று. அதுவே வயிற்றைக் கலக்கப் போதும்.

நான் நெடுநேரம் நின்றது 1833-ல் அவர் தீட்டிய 'லேடி ஜேன் கிரேயின் சிரச்சேதம்' என்ற ஓவியத்தின் முன்புதான். ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம். 1553-ல் ஒன்பது நாள் இங்கிலாந்தின் ராணியாக இருந்து, 1554 பிப்ரவரி 12-ஆம் தேதி தலையிழந்தவள் ஜேன். பதினாறு, பதினேழு வயதுதான்.

குறை சொல்ல நிறைய இருக்கிறது. தண்டனை நடந்தது திறந்த வெளியில். ஓவியரோ இருண்ட கல்மண்டபம் ஒன்றைக் கட்டிவிட்டார். இடது ஓரத்தில் ஒரு தோழி மயங்கிச் சாய்கிறாள். இன்னொருத்தி தூணைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். 'இங்கே அழுங்கள்' என்று நமக்குச் சொல்லித்தர வந்தவர்கள் மாதிரி. சுத்த நாடகம்!

ஆனால் அந்தக் கை? கண் கட்டப்பட்ட ஜேன் வெட்டுக்கட்டையைத் தேடி வெறும் காற்றைத் துழாவுகிறாள். ஒரு பெரியவர் அவளைக் குழந்தையைப்போல் அணைத்து வழிகாட்டுகிறார். இது கற்பனை அல்ல. கட்டை அகப்படாமல் அவள் தடுமாறியதையும், அருகிலிருந்த ஒருவர் உதவியதையும் அக்காலத்துக் குறிப்பே சொல்கிறது. மண்டபத்தின் இருட்டு அந்த வெள்ளைக் கைகளுக்காகத்தான் என்று அப்போது விளங்கியது. தோழிகளின் துயரம் அப்படி எதற்கும் உதவவில்லை.

1928-ல் தேம்ஸ் வெள்ளம் டேட் காலரிக்குள் புகுந்தபோது இந்த ஓவியம் அழிந்துவிட்டதென்றே முடிவு கட்டினார்கள். வேறொருவரின் ஓவியத்தைத் தேடும்போது, 1973-ல் இது சுருட்டியபடி அகப்பட்டது. மறந்துபோனதைத் தேட யாருக்குத் தோன்றும்?

என் நாவல் ஒன்றில் சாகப்போகும் இளவரசி இரண்டு பக்கம் வசனம் பேசுவாள். வாசகர்கள் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார்கள். அந்தக் கைகளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. சுவரைக் கற்பனையாகக் கட்டலாம். கை மட்டும் நிஜமாக இருக்க வேண்டும்.