கல்லாகாத மாதிரி

இலண்டன் மாநகரத்துத் தூய பவுல் பேராலயத்தின் மேல்தளத்தில் மரத்தாலான சிற்றுரு ஒன்று இருக்கிறது. சிற்றுரு என்பது பெயரளவில்தான். நீளம் 20 அடிக்கு மேல், உயரம் 13 அடிக்கு மேல். 1666இல் மூண்ட பெருந்தீயில் பழைய பேராலயம் பாழானபின், புதியதை எழுப்ப முனைந்த கிறிஸ்டபர் ரென் 1673, 1674ஆம் ஆண்டுகளில் செய்வித்தது அது. 'பெரு மாதிரி' என்று வழங்குவர். ஓக்கு, லிண்டன் மரங்களும் சுதையும் கொண்டு, உண்மை அளவில் 25இல் ஒரு பங்காக அமைந்தது. செலவு 500 பவுனுக்கு மேல்; அந்நாளில் ஒரு நல்ல வீட்டின் விலை.

கட்டட மாதிரிக்கு அணி ஆகாது என்பது 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டியின் கொள்கை. வண்ணமும் ஒப்பனையும் பூண்ட மாதிரி காண்பார் கண்ணை மயக்கும். அமைப்பைப் பற்றிய சிந்தனையைத் திசைதிருப்பும். ஆதலின் அது எளிமையாக இருத்தல் வேண்டும் என்றார். ரென் இதற்கு நேர்மாறாகச் சென்றார். தச்சர் வில்லியம் கிளியர் உடலைச் சமைத்தார். ரிச்சர்டு கிளியர் தூண்தலைகளையும், சிறகு முளைத்த குழவித் தலைகளையும், மலர்த் தொங்கல்களையும் செதுக்கினார். உள்ளே புகுந்து நின்று பார்க்கும்படி மாதிரி அமைந்தமையால், அகத்தையும் வெறுமையாக விட்டுவிட இயலவில்லை.

இச்சிறு வேலைகளே மாதிரியின் தனிச் சிறப்பு. கொரிந்தியத் தூண்தலையின் இலைகளை அப்படியே 25இல் ஒன்றாகச் சுருக்கினால் ஓரம் தாள்போல் மெலிந்து முறியும். நிழலும் சரியாக விழாது. அளவு சுருங்கினும் மரத்தின் இழை சுருங்குவதில்லை. எனவே செதுக்குவோன் நரம்புகள் சிலவற்றைக் கைவிட்டு, எஞ்சிய பள்ளங்களைச் சற்று ஆழப்படுத்த வேண்டியவனாகிறான். அளவுகோலுக்குப் பிழையானது கண்ணுக்கு மெய்யாகிறது. பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் கோபுரம் செய்யும் மாணவனும் இவ்விடரை அறிவான்.

ஆயினும் இவ்வழகு வென்றதா? இல்லை. அரசர் இரண்டாம் சார்லஸ் விரும்பினார், குருமார் ஏற்கவில்லை. மரபான பேராலய வடிவம் இதில் இல்லை என்பது அவர்கள் குறை. அடிப்படை வடிவத்தையே மறுத்தவர்களை இலையும் மலரும் எவ்வாறு மாற்றும்? இனி மாதிரிகளைச் செய்வதில்லை, வரைபடங்களைப் பலரறியக் காட்டுவதுமில்லை என ரென் உறுதி பூண்டதாக அவர் குடும்பத்தார் வெளியிட்ட 'பேரன்டாலியா' என்னும் நூல் கூறுகிறது.

குருமாரைக் குறுகிய நோக்கினர் எனச் சாடுவது எளிது. மாதிரியின் மெய்க்குறை வேறிடத்தில் உளது. அதன் முகப்பு மண்டபத்தில் மாபெரும் தூண்கள் ஒரே அடுக்காக நிற்கின்றன. மரத்தில் தூணையும் உத்தரத்தையும் விரும்பிய அளவில் வெட்டலாம், கல் அத்தகையதன்று. அத்தகைய தூண்களுக்கு வேண்டிய பெருங்கற்களைப் போர்ட்லந்துக் கற்சுரங்கங்கள் எளிதில் தாரா. 1675இல் தொடங்கிய இன்றைய பேராலயத்தின் மேற்கு முகப்பில் தூண்கள் இரண்டு அடுக்காக நிற்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆல்பெர்ட்டி அஞ்சிய மயக்கம் நிகழ்ந்ததுதான். மயங்கியவர் குருமார் அல்லர். ஒருகால் ரென்னே ஆகலாம்!

இக்குறையால் ரிச்சர்டு கிளியரின் உளிக்கு இழுக்கில்லை. அவர் செதுக்கிய இலைகள் கல்லில் வரவிருந்த இலைகளின் முன்னோட்டமாகப் பிறந்தவை. அக்கட்டடம் எழாமையால் அவையே மூலமாகிவிட்டன. மேல்விளிம்பில் நின்ற சிறு உருவங்கள் இன்று இல்லை. பேராலயத்தைப் பார்த்து அவற்றை மீண்டும் செய்து வைக்கவும் வழியில்லை. அந்த விளிம்பே அங்கு எழவில்லை.