பதினாறு மாதக் கதவு

தம்போய் என்பது ஜொகூர் பாருவில் ஒரு வட்டாரம். ஆனால் நம் வீடுகளில் அது ஊர்ப் பெயராக ஒலிப்பதில்லை. "இப்படியே பண்ணிக்கிட்டிருந்தா தம்போய்க்குத்தான் போவே" என்று பிள்ளைகளை அதட்டி வளர்த்தவர்கள் நாம். 1930களில் அங்கே எழுந்த மனநல மருத்துவமனை இன்று பெர்மாய் மருத்துவமனை. வடக்கே தஞ்சோங் ரம்புத்தானுக்கு இருக்கும் அதே பழிதான் தெற்கே தம்போய்க்கும். இந்தப் பழி ஏச்சோடு நின்றுவிடுவதில்லை. சொக்சோ பென்ஷன் கேட்டு நிற்கும் மனநோயாளியின் கணக்கில் அது மாதங்களாகவே கழிகிறது.

மலாயில் பெர்கேசோ எனப்பட்டாலும் சொக்சோ என்றே நாம் சொல்லும் அமைப்பு, 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்தது. அதன் முதன்மைத் திட்டங்கள் இரண்டு. ஒன்று வேலையில் நேரும் விபத்துக்கு. மற்றது இயலாமைக்கு. மனநோய்க்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் தட்டுவது இரண்டாவதின் கதவைத்தான். அதன் பெரிய பலம், "இந்த நோய் எதனால் வந்தது?" என்று கேட்காததே.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பது பட்டாளத்து வழக்குகளைப் பார்த்தால் புரியும். இந்தியாவில் மனநோயால் வெளியேற்றப்பட்ட சிப்பாய், அந்த நோய் ராணுவப் பணியால் வந்தது அல்லது முற்றியது என்று நிலைநாட்ட ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. சேரும்போது பதிவாகாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு என்று தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013ல் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் தீரவில்லை. மனச்சிதைவுக்காக அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில், காரணம் எழுதாத மருத்துவ வாரிய அறிக்கை செல்லாது என்று 2025ல் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

இங்கே மலேசியாவில் நிரந்தர அரசு ஊழியர்களும் ராணுவத்தினரும் சொக்சோவுக்கு வெளியே. ஆனால் உலு திராமிலும் குளுவாங்கிலும் பயிற்சி எடுத்து, ஓய்வூதியத்துக்கான 21 ஆண்டை எட்டாமல் வெளியே வந்தவர்கள் எங்கே போகிறார்கள்? பாசிர் கூடாங் தொழிற்சாலை வாசல்களில் ஜாகா வேலைக்கு. அன்றிலிருந்து அவர்கள் சொக்சோ சந்தாதாரர்கள். பத்து வருடம் கழித்து மனம் உடைந்தால், அது காட்டில் கண்டதாலா, கடனாலா என்று யாரும் துருவ மாட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே இத்திட்டத்தைப் பாராட்டலாம்.

துருவல் வேறு இடத்தில் தொடங்குகிறது. நோய் நிரந்தரமானதாக, குணமாகாததாக அல்லது குணமாக வாய்ப்பில்லாததாக இருக்க வேண்டும். நலமான ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நோயாளியால் சம்பாதிக்க முடியக்கூடாது. வெட்டுண்ட காலுக்கும் செயலற்ற சிறுநீரகத்துக்கும் பொருந்தும் அளவுகோல் இது. மனநோய் ஏறும், இறங்கும். மருந்து பிடித்த மாதத்தில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து வாரியத்தின் முன் ஒழுங்காகப் பதில் சொல்பவர், மறுமாதம் மூன்று நாள் குளிக்காமல் கிடப்பார். அம்மா பார்த்துப் பார்த்து உடுத்தி அழைத்து வருவதே பிள்ளையின் விண்ணப்பத்துக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடுகிறது. 2019ல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த மனச்சோர்வு 2023ல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது என்கிறது தேசியச் சுகாதார ஆய்வு. அது பொதுவாகத் தீரக்கூடிய நோய். அதனாலேயே, தீராமல் போனவர்கள் அதை நிரூபிக்க அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது.

மருத்துவர் வாரியம் மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் வாரியத்துக்குப் போகலாம். வேறு மருத்துவர்கள் புதிதாகப் பார்ப்பார்கள். வக்கீல் இல்லாமலே முறையிடலாம். நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் 90 நாள் யாருக்கு? கடிதத்தைப் பிரிக்கவே அஞ்சுபவருக்கு. மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்லி, படிவம் நிரப்பித் தர அந்நாளில் தோட்டத்தில் சங்கக்காரர் ஒருவர் இருந்தார். தோட்டம் வீடமைப்பான பிறகு அந்த ஆளும் இல்லை. மறுப்புக்கான காரணம் விளங்கும்படி எழுதப்பட்டாலொழிய, முறையீடு என்பது அதே காகிதங்களை வேறொரு மேசையில் வைப்பதாகத்தான் முடியும்.

மருத்துவத் தீர்ப்பையாவது முறையிட்டு மாற்றலாம். சந்தாக் கணக்கை எந்த மருத்துவரும் மாற்ற முடியாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும் என்பது முதல் வழி. இடைவிடாமல் வேலை செய்தவரானாலும் வேலையை விட்ட 16 மாதத்தில் இந்தக் கதவு மூடிவிடும். மனநோயாளி அந்த 16 மாதத்தில் என்ன செய்வார்? முதலில் எம்.சி. எடுப்பார், பிறகு சொல்லாமல் நின்றுவிடுவார், பிறகு முனியாண்டி கோயிலில் கயிறு கட்டுவார்கள். கோயிலைக் குறை சொல்லவில்லை. அங்கேயாவது அவரைத் தொட்டுப் பேசுகிறார்கள். கிளினிக்குக்கு வருவது அதற்குப் பின். நோய் நிலையானது என்று சொல்ல மருத்துவருக்கும் காலம் வேண்டும். மனநோய்க்கான ஓ.கே.யூ. எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்கே குறைந்தது இரண்டு ஆண்டு சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்கிறார்கள். நோய் நிரந்தரமென்று ஒப்ப ஓர் அலுவலகத்துக்கு 24 மாதம் தேவைப்படுகிறது. இன்னொன்றின் கதவு 16 மாதத்தில் சாத்தப்படுகிறது.

வேறு வழிகளும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். முதலில் பதிவான நாளிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. மூன்றில் ஒரு பங்கானால் குறைந்த தகுதி. இரண்டிலும் குறைந்தது 24 மாதம் வேண்டும். இருபது வருடம் உழைத்தவரை இது காப்பாற்றிவிடும். மனச்சிதைவு பெரும்பாலும் பிடிப்பதோ இருபதுகளில் இருப்பவரை, வேலை மாறி மாறி அலையும் வயதில்.

ஜொகூருக்கென்று தனியாக ஒரு பள்ளமும் இருக்கிறது. ஜொகூர் பாருவில் மூன்று வருடம் வேலை செய்து 36 மாதச் சந்தா கட்டிய ஒருவர், பிறகு பத்து வருடம் விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து வருட உழைப்புக்கு இங்கே சந்தா இல்லை. மொத்தம் 156 மாதம். மூன்றில் ஒரு பங்கு 52. அவரிடம் இருப்பது 36. மூன்று கதவும் மூடல். மிஞ்சுவது ஒருமுறை தரும் உதவித்தொகை, அதாவது கட்டிய சந்தாவும் வட்டியும். இத்திட்டத்தின் சந்தா முதலாளி அரை விழுக்காடு, தொழிலாளி அரை விழுக்காடு. 2,000 ரிங்கிட் சம்பளத்தில் மாதம் சுமார் 20 ரிங்கிட். 36 மாதத்துக்குச் சுமார் 720, அதன் மேல் வட்டி. மருத்துவர் எவ்வளவு இரக்கத்தோடு எழுதினாலும் இந்த எண் நகராது.

2007 முதல் நடக்கும் மறுபடி வேலைக்குத் திரும்பும் திட்டமும், மலாக்காவில் உள்ள துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையமும் சொக்சோவின் மதிக்கத்தக்க முயற்சிகள்தாம். அவற்றோடு நான் கேட்பது சின்னத் திருத்தம். மனநோயாளி முதன்முதலில் மனநல மருத்துவரைப் பார்த்த தேதி கிளினிக் அட்டையிலேயே முத்திரை குத்தி இருக்கிறது. 40 மாதத்தை விண்ணப்ப நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாமல், அந்த முத்திரைத் தேதியிலிருந்து எண்ணலாம்.